பட்டியலில் இல்லாத பாட்டில்கள்

ஒரு பாட்டில் உடைந்து வந்திருக்காவிட்டால், மூடியில் வட்டம் போட்ட அந்த இன்னொரு பாட்டிலை நான் தொட்டிருக்கவே மாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சிலர் என்னைக் கெட்டிக்காரி என்றார்கள். நடந்தது அப்படி இல்லை.

நான் வேலை பார்ப்பது மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில் இருக்கும் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில். கீழ்த்தளத்தில் மூன்று அறைகள், ஐந்து பேர். எங்களிடம் வருவது பெரும்பாலும் அடுக்குமாடி வீடுகளின் போர்வெல் தண்ணீர். உப்பு எவ்வளவு, இரும்பு எவ்வளவு, குடிக்கலாமா கூடாதா என்று ஒரு தாளில் எழுதிக் கொடுப்போம். கூடத்தை நடத்துபவர் இந்த ஊர்க்காரர், கெமிஸ்ட்ரி படித்தவர். அவருடைய குடும்ப நிலத்தில்தான் கட்டடம் நிற்கிறது. நாங்கள் அவரை சார் என்போம். அவர் என்னை "ம்மா" போட்டுப் பேசுவார். கோபம் வந்தால் "மேடம்" ஆகிவிடுவேன்.

அந்த வருடம்தான் முதல்முறையாகக் கடல் தாண்டி ஒரு வேலை எங்களுக்குக் கிடைத்தது. கிழக்கே ஒரு தீவு நாடு. அங்கே எரிமலைப் பகுதியில் பூமிக்குள் கொதித்துக்கொண்டிருக்கும் தண்ணீரை மேலே எடுத்து, அதன் ஆவியில் மின்சாரம் உண்டாக்குகிறார்கள். ஆவி போக மிஞ்சும் தண்ணீரை ஆற்றில் விட முடியாது. பாறையிலிருந்து கரைந்து வந்த ஆர்செனிக் போன்ற விஷங்கள் அதில் இருக்கும். அதனால் வேறொரு கிணறு வழியாக அதை ஆழத்துக்கே திருப்பிச் செலுத்துகிறார்கள். செலுத்திய தண்ணீர் உள்ளே எந்தப் பக்கம் போகிறது என்று யாரும் கண்ணால் பார்க்க முடியாது. அதற்காக அதில் ஓர் அடையாளப் பொருளைக் கலந்துவிடுவார்கள். நாப்தலீன் குடும்பத்து உப்பு ஒன்று. நாம் துணி அலமாரியில் போடும் பாச்சை உருண்டைக்குத் தூரத்துச் சொந்தம். கொதிக்கும் தண்ணீரிலும் கெடாது, குடித்தாலும் கெடுதல் இல்லை, துளியூண்டு இருந்தாலும் எங்கள் கருவி கண்டுபிடித்துவிடும். சுற்றியுள்ள கிணறுகளில் எது எந்த வாரம் அந்த அடையாளத்தைக் காட்டுகிறது என்று பார்த்தால், நிலத்துக்கடியில் தண்ணீர் போகும் வழி தெரிந்துவிடும்.

வாரம் ஒரு பெட்டி கூரியரில் வரும். பட்டியலில் ஏழு கிணறுகள், பெட்டியில் ஏழு பழுப்புக் கண்ணாடி பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் மிகப் பொடியான, ஒழுங்கான கையெழுத்தில் கிணற்று எண்ணும் தேதியும் இருக்கும். ஆனால் முதல் பெட்டியிலிருந்தே எட்டாவதாக ஒரு பாட்டில் வந்துகொண்டிருந்தது. அதில் எழுத்து எதுவும் இல்லை. மூடியில் நீல மார்க்கரால் போட்ட ஒரு வட்டம், அவ்வளவுதான். ஸ்பேர் போலிருக்கிறது என்று நினைத்து, பெட்டி வந்த தேதியை மட்டும் ஒட்டி, ஜன்னலோரத்து அலமாரியில் வைத்துவிடுவேன். பட்டியலில் இல்லாததைப் பரிசோதிக்க எங்களுக்கு உத்தரவும் இல்லை, நேரமும் இல்லை.

ஆறாவது பெட்டி ஒரு திங்கட்கிழமை வந்தது. நான்காம் கிணற்றின் பாட்டில் உடைந்து, பஞ்செல்லாம் ஊறியிருந்தது. வட்டம் போட்டது ஒருவேளை நான்காம் கிணற்றின் மாற்று பாட்டிலாக இருக்கலாம் என்று நினைத்துத்தான் அதைத் திறந்தேன். வடிகட்டி, சின்னக் குப்பியில் ஊற்றி, கருவியில் வைத்தேன்.

எங்கள் கருவி, தண்ணீரில் கரைந்திருப்பவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து வெளியே அனுப்பும். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நிமிடக் கணக்கு உண்டு. திரையில் தட்டையாக ஓடும் கோடு, பொருள் வரும்போது கூம்பு போல எழும்பும். நாங்கள் அதை பீக் என்போம். எங்கள் அடையாளப் பொருள் வரவேண்டியது ஏழாவது நிமிடத்தில். ஆறு வாரமாக எந்தக் கிணற்றிலும் அது வரவில்லை. வர மாதக்கணக்காகும் என்றுதான் அந்த நிறுவனத்தின் பொறியாளர்கள் சொல்லியிருந்தார்கள்.

ஏழாவது நிமிடத்தில் கோடு எழுந்தது. சந்தேகப்படும் அளவுக்குச் சின்னதாக இல்லை. நல்ல கூம்பு.

முதலில் எனக்கு வந்தது என் மேலேயே சந்தேகம். அதே பொருளை அளவு பார்ப்பதற்காக நாங்களும் கரைத்து வைத்திருக்கிறோம். கையுறையில் ஒரு துளி ஒட்டியிருந்தாலும் இப்படிக் காட்டும். கையுறையை மாற்றினேன். புதுக் குப்பியில் வெறும் சுத்தத் தண்ணீரை ஓட்டினேன். கோடு படுத்தே கிடந்தது. பாட்டிலிலிருந்து மறுபடி எடுத்து ஓட்டினேன். மறுபடி ஏழாவது நிமிடத்தில் எழுந்தது.

அப்போதுதான் அலமாரியைத் திரும்பிப் பார்த்தேன். வட்டம் போட்ட ஐந்து பாட்டில்கள், நான் ஒட்டிய தேதிகளோடு வரிசையாக நின்றன.

சாயங்காலம் ஐந்து மணிக்குள் ஐந்தையும் ஓட்டி முடித்தேன். முதல் இரண்டு வாரம் ஒன்றும் இல்லை. மூன்றாவதில் லேசான மேடு. நான்காவதில் அது கூம்பு. ஐந்தாவதில் இன்னும் உயரம். ஆறாவது, அன்று காலையில் பார்த்தது. மதியம் கொண்டுபோன சாப்பாட்டைத் திறக்கவே இல்லை என்பது வீட்டுக்குக் கிளம்பும்போதுதான் தெரிந்தது.

சாரிடம் சொன்னேன். ஆறு தாள்களையும் மேஜையில் வரிசையாக வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இது எந்தக் கிணறு?"

"தெரியலை சார். பட்டியல்லயே இல்லை."

"பட்டியல்ல இல்லாததை ஏன் ஓட்டுனீங்க மேடம்?"

நான்காம் கிணற்றின் உடைந்த பாட்டிலைக் காட்டினேன். "கூரியர் சீட்டுல யார் நம்பர் இருக்கோ அவங்களைக் கேளும்மா" என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை கூப்பிட்டேன். எடுத்தது ஒரு பெண். பாட்டில்களை நிரப்பி அனுப்புவது அவள்தான், அந்தப் பொடிக் கையெழுத்தும் அவளுடையதுதான். இருவரும் பேசியது இருவருக்கும் பாதிப்பாதி வந்த ஆங்கிலத்தில். எனக்கு அது நினைவில் நிற்பது தமிழில்தான்.

"வட்டம் போட்ட பாட்டில் எங்கே பிடிச்சது?" என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்தும் சத்தம்.

"எங்க ஊர் ஊற்று. கிணறுகளுக்குக் கீழே, மலைச்சரிவில இருக்கு. ஊரே அதைத்தான் குடிக்குது. அதையும் பட்டியல்ல சேருங்கன்னு கேட்டேன். ரொம்பத் தூரம், அங்கே தண்ணி வர வழியே இல்லைன்னு சொல்லிட்டாங்க. அதனால நானே பிடிச்சு வச்சேன்."

"பேர் எழுதியிருக்கலாமே?"

"எழுதினா பெட்டியை மூடும்போது எடுத்துடுவாங்க. வட்டம் போட்டா ஸ்பேர்னு விட்டுடுவாங்க." என்றாள். "நீங்க பார்த்துட்டுக் கேப்பீங்கன்னு நினைச்சேன். முதல் பெட்டியிலிருந்தே."

காது மடல் சுட்டது. அவள் குற்றம் சாட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். நான்தான் ஐந்து வாரம் அவள் அனுப்பியதை ஜன்னலோரத்தில் அடுக்கி வைத்திருந்தேன்.

அடையாளம் வந்திருக்கிறது என்று சொன்னேன். அந்தப் பொருளால் கெடுதல் இல்லை, ஆனால் அது வந்த வழியில் ஆழத்துத் தண்ணீரும் வரும் என்றேன். அவளுக்கு அது தெரியும். என்னைவிட நன்றாகவே தெரியும்.

"இதை நாங்க அறிக்கையில எழுதினா, யார் அனுப்பினதுன்னு கேப்பாங்க. உன் பேர் வெளிய வரும்."

"யோசிக்கணும்" என்றாள். போன் துண்டித்தது.

அன்று முழுவதும் போனை மேஜையில் குப்புற வைப்பதும் நிமிர்த்துவதுமாக இருந்தேன். மூன்று மணிக்கு ஒரு செய்தி வந்தது. ஒரே ஒரு சொல். 'எழுதுங்கள்.'

இதெல்லாம் அந்த வாரத்தில் நடந்ததுதான் எல்லாவற்றையும் இறுக்கியது. வெள்ளிக்கிழமை காலை அந்த நாட்டின் அரசு அதிகாரிகளோடு ஒரு வீடியோ கூட்டம். இன்னொரு கிணற்றிலும் தண்ணீரைத் திருப்பிச் செலுத்த அந்த நிறுவனம் அனுமதி கேட்க இருந்தது. செலுத்திய தண்ணீர் எங்கும் போய்விடவில்லை என்பதற்கு ஆதாரம் எங்கள் அறிக்கை.

சார் விஷயத்தை எழுதி அனுப்பினார். புதன்கிழமை காலையே அவர்களுடைய தலைமைப் பொறியாளர் திரையில் வந்தார். வயதானவர், மரியாதையாகப் பேசுபவர். கத்துவார் என்று பயந்திருந்தேன். அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அந்த ஊற்றைச் சுற்றி இரண்டு மாதம் முன்னால் ஒரு காங்க்ரீட் தொட்டி கட்டினோம். காங்க்ரீட் இளக்கமாக ஓட ஒரு திரவம் கலப்பார்கள். அதிலும் நாப்தலீன் குடும்பத்து உப்புதான் இருக்கிறது. உங்களுக்குத் தெரியுமே?" என்றார்.

எனக்குத் தெரியும். ஆனால் தொட்டி இருப்பது தெரியாது.

"அனுமதியில்லாமல் எடுத்த பாட்டில்கள், சிமெண்டிலிருந்து கசிந்த உப்பு. இதை வைத்து ஒரு ஊரைப் பயமுறுத்த வேண்டாம். அறிக்கை பட்டியலோடு நிற்கட்டும்."

திரை இருண்டதும் சார் நாற்காலியைத் திருப்பினார்.

"அவர் சொல்றதுல நியாயம் இருக்குல்ல?"

"இருக்கு சார். அதான் பயமா இருக்கு."

"காட்டாங்குளத்தூர்ல உன் கூடப் படிச்சவங்க இருக்காங்களே, யுனிவர்சிட்டி லேப்ல? அவங்ககிட்ட கேட்டுப் பார்த்தா?"

"கஸ்டமர் தண்ணியை வெளிய கொடுக்க மாட்டோம்னு கையெழுத்துப் போட்டிருக்கோம் சார்."

"ஆமா." நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அப்ப?"

"அந்தச் சிமெண்ட் மருந்து எனக்குக் கொஞ்சம் வேணும். அதை ஓட்டிப் பார்த்தாத் தெரிஞ்சிடும். அதுவும் இதுவும் ஒண்ணா, வேறயான்னு."

எங்கே கிடைக்கும் என்று அவர் கேட்கவில்லை. நான் இருப்பது ஊரப்பாக்கத்தில். அங்கே தெருவுக்கு ஒரு அடுக்குமாடி எழும்பிக்கொண்டிருக்கிறது.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு, எங்கள் வீட்டுக்கு மூன்று தெரு தள்ளி இருந்த கட்டட வேலைக்குப் போனேன். இரண்டாம் மாடித் தளத்துக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். கீழே நீல பீப்பாய்கள். மேஸ்திரி ஐம்பது வயதுக்காரர், தலையில் துண்டு, கையில் டீ கப்.

"இன்னாக்கா, ஃப்ளாட் பாக்க வந்தியா? ஆபீஸு மெயின் ரோட்ல கீது."

"ஃப்ளாட் இல்லைண்ணா. காங்க்ரீட்ல கலக்குற அந்த மருந்து கொஞ்சம் வேணும். அரை லிட்டர் போதும்."

டீ கப் பாதியில் நின்றது. "அத்த வச்சிக்கினு இன்னா பண்ணப் போற?"

"லேப்ல டெஸ்ட் பண்ணணும்."

"யாரு அனுப்புனா உன்ன? பில்டரு மேல எவனாவது கம்ப்ளைண்ட் குட்த்தானா?" மற்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். "கெளம்புக்கா. பேஜார் பண்ணாத. நான் கைய வச்சி எதுனா குட்த்தேன்னு தெர்ஞ்சா என் வேல பூடும்."

இரண்டு நாளில் என்னால் வேலைக்கு ஆபத்து வரக்கூடிய இரண்டாவது ஆள் இவர். திரும்பிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அப்புறம், மறைக்காமல் நடந்ததைச் சொன்னேன். ஒரு ஊர், ஒரு ஊற்று, அதில் வந்திருப்பது சிமெண்ட் மருந்தா, பூமிக்குள் விட்ட தண்ணீரா என்று தெரிய வேண்டும். நாளைக்குள் தெரிய வேண்டும்.

அவர் டீயைக் குடித்து முடித்துக் கப்பைக் கசக்கினார்.

"குடிக்கிற தண்ணி மேட்டரா?"

"ஆமாண்ணா."

"எங்க வூட்டாண்ட போர்ல ஆறு மாசமா சாக்கட நாத்தம் வர்து. சொல்லாத ஆளு இல்ல. ஒர்த்தனும் வந்து பாக்கல. நீ பாத்துத் தர்றியா?"

"ஒரு பாட்டில்ல பிடிச்சுட்டு வாங்க. நானே பார்த்துத் தரேன்."

அவர் எழுந்து பீப்பாய்கள் பக்கம் போனார். மேலே ஒட்டியிருந்த தாள்களைப் படித்தேன். எல்லாம் புது வகை, அதில் நாப்தலீன் இல்லை. உதட்டைப் பிதுக்கினேன். "பளசு ஒண்ணு கீது, வா" என்று சிமெண்ட் மூட்டைகளுக்குப் பின்னால் கூட்டிப்போனார். பாதி காலியான ஒரு பீப்பாய். அதில் நாப்தலீன் என்று எழுதியிருந்தது. பனைவெல்லப் பாகு மாதிரி கருத்த திரவத்தைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி, வாயைப் பிளாஸ்டிக் பையால் கட்டிக் கொடுத்தார்.

"துணியில பட்டா போவாது. பாத்து எத்துனு போ."

தாம்பரம் போகும் மின்சார ரயிலில் அந்தப் பாட்டிலை மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வண்டலூர், பெருங்களத்தூர் என்று கூட்டம் ஏற ஏற, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

அதை ஆயிரம் மடங்கு தண்ணீர் விட்டுக் கரைத்து ஓட்டியபோது மணி பத்தரை. திரையில் ஒன்று இரண்டு இல்லை, ஒரு கூட்டமே எழுந்தது. நான்காம் நிமிடத்திலிருந்து பன்னிரண்டாம் நிமிடம்வரை பெரிதும் சிறிதுமாகப் பத்துப் பதினைந்து கூம்புகள். ஊற்றுத் தண்ணீரில் இருந்ததோ ஒன்றே ஒன்று. எனக்குச் சிரிப்புகூட வந்தது. அப்புறம் ஏழாவது நிமிடத்தைப் பார்த்தேன். அங்கேயும் ஒரு கூம்பு நின்றது.

சார் என் பின்னால் நின்றுகொண்டிருந்தார். "அதுவேதானா?"

"தெரியலை சார்."

"மத்ததெல்லாம் மண்ணுல ஒட்டிக்கிட்டு, இது ஒண்ணு மட்டும் தண்ணிக்கு வந்திருக்கலாம்னு அவர் கேட்பார்ல?"

"கேட்பார்."

ஒரு வழி இருந்தது. ஊற்றுத் தண்ணீரையும் சிமெண்ட் மருந்தையும் ஒரே குப்பியில் கலந்து, கருவியை மிக மெதுவாக ஓட்ட வேண்டும். இரண்டும் ஒரே பொருளானால் ஒரே கூம்பு உயரமாகும். வேறு வேறானால் இரண்டாகப் பிரியும். அப்படி மெதுவாக ஓட்டினால் ஏழு நிமிடத்தில் வர வேண்டியது முப்பது நிமிடத்துக்குமேல் ஆகும். முதலில் எங்கள் அடையாளப் பொருளைத் தனியாக ஓட்டிப் பார்த்தேன். முப்பத்தோராவது நிமிடத்தில் வந்தது. பிறகு கலந்த குப்பியை வைத்தேன். மற்ற பாட்டில்கள் முன்பே தீர்ந்திருந்தன, கலப்பதற்கு அந்த ஆறாவது பாட்டிலில் மிஞ்சியிருந்தது கடைசி இரண்டு ஸ்பூன் தண்ணீர். மறுபடி ஓட்ட மிச்சம் இல்லை.

பன்னிரண்டாவது நிமிடத்தில் கரண்ட் போனது.

மின்விசிறி நின்றது. கருவி யு.பி.எஸ்ஸில் ஓடிக்கொண்டிருந்தது. பத்து நொடிக்கு ஒரு தரம் அது கூவியது. அந்த யு.பி.எஸ் பழசு. முழுசாக இருபது நிமிடம் தாங்கினால் பெரிது.

"ஃப்ரிட்ஜை எடு! அந்த கம்ப்யூட்டரை எடு! இன்னாத்துக்கு அந்த லைட்டு?" சாருக்குப் பதற்றம் வந்தால் ஊர்ப் பேச்சு வந்துவிடும். அவரே மேஜைகளுக்கு அடியில் புகுந்து பிளக்குகளைப் பிடுங்கினார். கருவியும் அதன் திரையும் மட்டும் மிஞ்சின. இருட்டான அறையில் அந்தத் திரையைச் சுற்றி ஐந்து பேரும் நின்றோம். வெளியே யார் வீட்டிலோ ஜெனரேட்டர் கிளம்பியது. நான் உள்ளுக்குள் ஜெபம் செய்துகொண்டிருந்தேன். என்ன கேட்டேன் என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. சிமெண்டாக இருந்துவிட்டால் அந்த ஊருக்கு நல்லது. சிமெண்டாக இருந்துவிட்டால் நான் ஐந்து வாரம் தூங்கியதும் பாவமில்லை. அதையும் கேட்டிருப்பேன்.

சிமெண்ட் மருந்தின் மற்ற கூம்புகள் ஒவ்வொன்றாக எழுந்து அடங்கின. இருபத்தைந்தாவது நிமிடத்தில் கூவல் வேகமானது. இருபத்தொன்பதில் அது இடைவிடாமல் அலறத் தொடங்கியது. முப்பதில் கோடு லேசாகத் தலை தூக்கியது. எழுந்து, சரிந்து, முழுசாக இறங்காமல் பாதியில் நின்று, முப்பத்தோராவது நிமிடத்தில் மறுபடி எழுந்தது.

இரண்டு தலை.

அது கீழே இறங்கி முடிப்பதற்குள் திரை அணைந்தது. அதுவரை வந்தது கருவியின் நினைவில் பதிவாகியிருக்குமா என்பது கரண்ட் வந்த பிறகுதான் தெரியும். ஒரு மணி நேரம் ஆயிற்று. பதிவாகியிருந்தது. முதல் தலை சிமெண்ட் மருந்து. இரண்டாவது, எங்கள் அடையாளப் பொருள் தனியாக வந்த அதே இடத்தில். ஊற்றில் வந்திருந்தது சிமெண்ட் இல்லை.

யாரும் கை தட்டவில்லை. சார் நாற்காலியில் உட்கார்ந்து, சட்டை முழங்கையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். "முதல் பாட்டில் எப்போ வந்துச்சுன்னு கேட்டா, இந்த வாரம்தான் ஓட்டினோம்னு சொல்லு. அது பொய் இல்லை."

அது பொய் இல்லைதான். தலையாட்டினேன்.

திரையில் ஏழெட்டு முகங்கள். நான் தாள்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். நடுநடுவே தண்ணீர் குடித்துக்கொண்டேன். தலைமைப் பொறியாளர் கவனமாகக் கேட்டார். நீங்கள் ஓட்டியது சென்னையில் வாங்கிய மருந்து, எங்கள் தொட்டியில் கலந்தது வேறாக இருக்கலாமே என்றார். இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் சிமெண்டிலிருந்து கசிவதானால் தொட்டி புதிதாக இருந்தபோது அதிகமாகவும், போகப்போகக் குறைவாகவும் இருக்க வேண்டும், இங்கே முதல் இரண்டு வாரம் ஒன்றும் இல்லை, பிறகு வாரா வாரம் ஏறுகிறது என்று காட்டினேன்.

"ஏறுகிறது என்றால், முதல் பாட்டில் உங்கள் கைக்கு எப்போது வந்தது?"

சார் என்னைப் பார்க்கவில்லை. மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐந்து வாரத்துக்கும் முன்னால்" என்றேன். "ஒவ்வொரு வாரமும் வந்தது. ஸ்பேர் என்று நினைத்து அலமாரியில் வைத்துவிட்டேன். வந்த வாரமே ஓட்டியிருந்தால் மூன்று வாரம் முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்கும். தவறு என்னுடையது. அனுப்பியவருடையது இல்லை."

திரையின் மூலையில் ஓர் அரசு அதிகாரி, அதுவரை வாயே திறக்காத ஒரு பெண்மணி, மைக்கைப் போட்டார். அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. பொறியாளரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்த ஊற்றை இன்று காலையும் மக்கள் குடித்தார்களா?"

"ஆமாம்" என்றார் அவர்.

அனுமதி தள்ளிவைக்கப்பட்டது. வேறொரு பரிசோதனைக் கூடத்திலிருந்து ஆட்களே நேரில் போய்த் தண்ணீர் எடுப்பார்கள் என்றார்கள்.

பதினொரு நாள் ஒன்றும் தெரியவில்லை. அந்தப் பெண்ணின் போன் அணைந்தே கிடந்தது. ஏழாவது பெட்டி வந்தது. அதில் கையெழுத்து வேறு. ஏழு பாட்டில்கள்தான் இருந்தன. அன்று நான் மாடிப்படியில் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அந்த நாட்களில் மேஸ்திரி ஒரு குளிர்பான பாட்டிலில் தண்ணீரோடு வந்தார். சாக்கடை கலந்திருந்தது. முத்திரை போட்டு அறிக்கை எழுதிக் கொடுத்தேன். அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். பிறகு என்ன ஆயிற்றென்று தெரியாது. அந்தக் கட்டடம் முடிந்து அவர் வேறு எங்கோ போய்விட்டார்.

பன்னிரண்டாம் நாள் முடிவு வந்தது. அந்தக் கூடமும் அதையே கண்டது. ஆர்செனிக்கும் ஏறத் தொடங்கியிருந்தது. குடிக்கக் கூடாத அளவை இன்னும் எட்டவில்லை, ஆனால் பழைய அளவைத் தாண்டியிருந்தது. அந்தக் கிணற்றில் தண்ணீர் செலுத்துவதை நிறுத்தினார்கள். மலையின் மறுபக்கம் வேறு கிணறு பார்ப்பதாகச் சொன்னார்கள். ஊருக்கு லாரியில் தண்ணீர் வந்தது. எங்களுக்கு மூன்று வரியில் ஒரு நன்றிக் கடிதம் வந்தது. அடுத்த வருடம் அந்த வேலை எங்களுக்கு வரவில்லை.

சார் இரண்டு வாரம் என்னிடம் வேலை தவிர வேறு பேசவில்லை. ஒரு நாள் மதியம் கருவியின் பக்கத்தில் வந்து நின்றார்.

"அந்தப் பொண்ணு அந்தப் பாட்டிலை அனுப்பாம இருந்திருந்தா, நம்ம நல்லா இருந்திருப்போம்ல?"

"இருந்திருப்போம் சார்."

"ம்" என்றார். "புது யு.பி.எஸ் சொல்லியிருக்கேன். நாளைக்கு வரும், பக்கத்துல இருந்து மாட்டி வாங்கிக்கோம்மா."

நான்கு மாதம் கழித்து, மதிய இடைவேளையில், தெரியாத வெளிநாட்டு எண்ணிலிருந்து அழைப்பு. அவள்தான். அந்த வாரமே பாட்டில் வேலையிலிருந்து அவளை எடுத்துவிட்டார்களாம். கேண்டீனில் கணக்கு எழுதப் போட்டார்களாம், அவளே வேலையை விட்டுவிட்டாளாம். இப்போது ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறாள். நான் எதற்காகவோ மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். மூன்று வாரம் என்று ஆரம்பித்தேன். அவள் முடிக்க விடவில்லை.

"மேல் மலையிலிருந்து குழாய் போட்டுட்டாங்க. நல்ல தண்ணி, எல்லா டெஸ்ட்டும் பண்ணிட்டாங்க" என்றாள். "ஆனா அதுல காபி போட்டா நல்லாவே இல்லைன்னு ஊர்ல எல்லாரும் என்னைத் திட்டறாங்க. என் மாமியார் நேத்து என் முன்னாடியே ஒரு டம்ளர் காபியைக் கீழே கொட்டிட்டாங்க."

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். எனக்கு உடனே சிரிக்க வரவில்லை. பிறகு வந்தது.